டீலர் கண்டுகொள்ளாத போக்கர் மேசையில் ஆடுவது எப்படி? கிருஷ்ணகிரி, தர்மபுரி ஆட்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கேசினோவில் விதி மீறல் நடந்தால் சீட்டுப் போடும் டீலர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில்தான் நம் பக்கத்து ஆட்கள் போக்கர் மேசையில் போய் உட்காருகிறார்கள். பல அறைகளில் டீலர் பார்த்துக்கொள்வதில்லை. அடிக்கடி வந்து பெரிய தொகை வைத்து ஆடுகிற 'பெரிய கை' ஒருவர் தன் சீட்டைப் பக்கத்து நாற்காலிக்காரருக்குக் காட்டுவார், சிப்ஸை (பணத்துக்கு ஈடான வில்லைகளை) இரண்டு தவணையாகத் தள்ளுவார். டீலர் குனிந்த தலை நிமிராமல் அடுத்த சீட்டைத் திருப்புவார். ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து எடுக்கிற ரேக்தான் அறைக்கு வருமானம். பெரிய கை கோபித்துக்கொண்டு எழுந்து போனால் மேசையே கலைந்துவிடும், டீலருக்கு வருகிற டிப்ஸும் போய்விடும். அதனால் எல்லோரும் பேசாமல் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட மேசையில் விதி தானாக வேலை செய்யாது. யாராவது சரியான நேரத்தில் வாய் திறக்க வேண்டும். நேரம் என்று நான் சொல்வது மிகச் சின்ன இடைவெளி, சில சமயம் ஐந்து விநாடிகூட இருக்காது. அதை எப்படிப் பிடிப்பது, அதற்கு முன் நம் பக்கத்தில் என்னென்ன சரிசெய்ய வேண்டும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். போக்கரின் அடிப்படை தெரிந்தவர்களுக்கானது இது. ஃப்ளஷ் பெரிதா ஸ்ட்ரெய்ட் பெரிதா என்பதெல்லாம் இதில் வராது.

படி 1: எங்கே ஆடலாம், எங்கே கூடாது

தமிழ்நாட்டில் கேசினோ கிடையாது. 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. "ரம்மி திறமை ஆட்டம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சே" என்று சீட்டாட்ட மன்றங்களில் சொல்வார்கள். 1968இல் ஆந்திர அரசுக்கும் சத்தியநாராயணாவுக்கும் நடந்த வழக்கில் அப்படிச் சொன்னது உண்மைதான். ஆனால் பணம் வைத்து நடக்கிற ஆட்டத்திலிருந்து இடத்துக்காரர் லாபம் எடுத்தால் குற்றமாகலாம் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. ஆகவே ஓசூர் லாட்ஜ் அறை, காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்பு என்று ரேக் எடுத்து நடத்துகிற மேசை எதிலும் உட்காராதீர்கள். அங்கே புகார் சொல்லவும் ஆள் இல்லை. போனில் பணம் கட்டி ஆடுகிற வழியையும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அடைத்துவிட்டது.

மிச்சம் இருப்பதில் நம் ஊருக்குக் கைக்கெட்டும் இடம் கோவா. 1976ஆம் ஆண்டு கோவா சூதாட்டச் சட்டத்தில் பின்னால் செய்த திருத்தங்கள் ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் மின்னணு ஆட்டங்களுக்கும் கப்பல்களில் மேசை ஆட்டங்களுக்கும் இடம் கொடுத்தன. பணஜியில் மாண்டோவி ஆற்றில் நிற்கிற கப்பல்கள் அப்படி வந்தவைதான். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், அடையாள அட்டை கேட்பார்கள். பெங்களூரு போய் இரவு பஸ் பிடித்து, காலையில் இறங்கிய கையோடு மேசைக்குப் போகாதீர்கள். தூக்கம் கெட்டவனுக்குத் தன் சீட்டே சரியாகத் தெரியாது. எதிரில் இருப்பவன் செய்கிற தில்லுமுல்லு எங்கே தெரியப்போகிறது?

படி 2: உட்காரும் முன் பார்க்க வேண்டியவை

பெயர் கொடுத்துவிட்டு இருபது நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். யாராவது தொகையை ஏற்றி ரெய்ஸ் செய்தால் டீலர் தொகையை வாய்விட்டுச் சொல்கிறாரா? எல்லோரும் சமமாகப் போட்டுவிட்டார்களா என்று பார்த்த பிறகுதான் அடுத்த சீட்டைத் திறக்கிறாரா? திறக்கும் முன் மேல் சீட்டு ஒன்றைக் கழித்துக் கவிழ்த்து வைக்கிறாரா? ஃபோல்டு செய்து ஆட்டத்திலிருந்து விலகிய ஆட்கள் எதிராளியின் சீட்டை எட்டிப் பார்க்கிறார்களா? பெரிய மதிப்புள்ள சிப்ஸ் எல்லோர் முன்னாலும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கிறதா, சின்ன சிப்ஸ் குவியலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறதா? ஒரு சச்சரவு வந்தால் மேசைகளை மேற்பார்க்கும் ஃப்ளோர் மேனேஜர் எவ்வளவு சீக்கிரம் வருகிறார்? கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். மேனேஜர் வந்து சேர ஐந்து நிமிடம் ஆகிற அறையில், டீலர் சொன்னதே சட்டம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் டெஸ்க்கில் கேட்க வேண்டியவை. எழுதி வைத்த விதித்தாள் இருக்கிறதா? ரேக் எத்தனை சதவீதம், உச்சவரம்பு என்ன? ஃப்ளாப் (நடுவில் திறக்கும் முதல் மூன்று சீட்டு) வராத கையில், அதாவது அதற்கு முன்பே முடிந்துவிட்ட ஒரு ஆட்டத்தில், ரேக் உண்டா? கை ஓடும்போது எந்த மொழியில் பேசலாம்? ஒருவர் அளவுக்கு மீறி யோசித்தால் நேரம் வைக்கச் சொல்ல முடியுமா? டி.டி.ஏ. என்கிற டூர்னமென்ட் டைரக்டர்ஸ் அசோசியேஷன் 2001இல் தொடங்கி, போட்டிகளுக்கான விதித் தொகுப்பை வெளியிட்டு வருகிறது. நான் கீழே சொல்வதில் பெரும்பாலானவை அதில் உள்ளவைதான். ஆனால் போட்டியாக இல்லாமல் நேரடியாகப் பணம் வைத்து ஆடும் பணமேசைக்கு அறையின் சொந்த விதிதான் செல்லும், இரண்டும் சில இடங்களில் வேறுபடும். அதனால்தான் முதலிலேயே கேட்டுவைக்கச் சொல்கிறேன். முதலில் கேட்டால் சந்தேகம் தீர்ப்பது. சண்டையின் நடுவில் கேட்டால் வம்புக்கு வந்த மாதிரி இருக்கும்.

படி 3: மூணு சீட்டுப் பழக்கத்தைக் கழற்றி வையுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நிற்க வேண்டும். அடுத்தவர் மீறலைச் சுட்டிக்காட்டப் போகிறவர் தான் சுத்தமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் புகாரிலேயே பேச்சு உங்கள் பக்கம் திரும்பிவிடும். நம் ஆட்கள் பெரும்பாலும் தீபாவளி, பொங்கலுக்கு மூணு சீட்டு ஆடியும் மன்றத்தில் ரம்மி ஆடியும் வளர்ந்தவர்கள். அந்தப் பழக்கங்களில் பாதி போக்கர் மேசையில் குற்றம்.

மூணு சீட்டில் "ஐந்நூறு சரி... மேல ஒரு ஆயிரம்" என்று இழுத்துச் சொல்லி ஏற்றுவோம். போக்கரில் முதல் வார்த்தை விழுந்த இடத்திலேயே ஆட்டம் முடிந்தது. "கால்" (எதிராளி வைத்த தொகைக்குச் சமமாக வைக்கிறேன்) என்று சொல்லிவிட்டால் அது கால்தான், அதன்மேல் ரெய்ஸ் சேர்க்க முடியாது. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்துச் சொன்ன விலை மாதிரி, உங்கள் முறையில் வாயால் சொன்னது உங்களைக் கட்டும். சொல்லாமல் சிப்ஸை முதலில் கொஞ்சம், அப்புறம் கையைப் பின்னால் கொண்டுபோய் இன்னும் கொஞ்சம் என்று வைப்பதுதான் ஸ்ட்ரிங் பெட். முதல் தவணைக்கு எதிராளியின் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்துவிட்டு இரண்டாவதை வைக்க முடியும் என்பதால் அதைத் தடுத்திருக்கிறார்கள். ரெய்ஸ் செய்ய நினைத்தால் முதலில் "ரெய்ஸ்" என்று சொல்லுங்கள், தொகையையும் சொல்லுங்கள், பிறகு கையைக் கொண்டுபோங்கள். பாதிச் சச்சரவு இதிலேயே தீர்ந்துவிடும்.

ஒற்றைச் சிப் விஷயமும் அடிக்கடி மாட்டிவிடும். உங்களுக்கு முன்னால் 600 ரூபாய் பெட் இருக்கிறது. நீங்கள் பேசாமல் 5,000 ரூபாய்ச் சிப் ஒன்றை வைக்கிறீர்கள். அது 5,000க்கு ரெய்ஸ் ஆகாது, வெறும் கால்தான், மீதி திரும்ப வரும். இரண்டு 500 வைத்தாலும் அப்படியே. ஒன்றை எடுத்துவிட்டால் 600க்குப் போதாது என்பதால் இரண்டும் சேர்ந்து கால் என்றே கணக்கு.

மூணு சீட்டில் பேக் செய்தவுடன் பக்கத்து ஆளின் சீட்டைப் பார்த்துவிட்டு "அடிடா, விடாத" என்போம். போக்கரில் ஒரு கைக்கு ஒரு ஆள் மட்டுமே, யோசனை சொல்வதும் கூடாது. சீட்டை மேசைக்கு அப்பால் மடியில் வைத்துப் பார்ப்பது, சிப்ஸைக் குவியலுக்குள் விசிறி எறிவது, ஃபோல்டு செய்த சீட்டைத் திறந்து போடுவது எதுவும் ஆகாது. நடுவில் ஜே, ஜே, நான்கு விழுந்ததும் ஃபோல்டு செய்த ஒருவர் "சே!" என்று தலையில் அடித்துக்கொண்டால், அவரிடம் ஒரு ஜாக் இருந்தது என்று மேசை முழுக்கத் தெரிந்துவிடும். அதை நம்பி யாராவது துணிந்து ஆடினால் நஷ்டம் மூன்றாவது ஆளுக்கு.

ரம்மிக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ரம்மியில் ராங் ஷோ போட்டால் 80 புள்ளி தலையில் விழும், அதனால் எதிராளி "ஷோ" என்றாலே நாம் நம்பிவிடுவோம். போக்கரில் "என்கிட்ட ஃப்ளஷ்" என்று ஒருவர் தவறாகச் சொன்னால் அவருக்குத் தானாக எந்த அபராதமும் கிடையாது. திறந்து வைத்த சீட்டுதான் பேசும். ஆனால் அவர் பேச்சை நம்பி நீங்கள் உங்கள் சீட்டைக் குப்பையில் (கழித்த சீட்டுகளின் குவியலில்) தள்ளிவிட்டால் உங்கள் கை செத்தது. எனவே எதிராளியின் சீட்டு இரண்டும் திறந்து, டீலர் படித்து, பணம் தள்ளப்படும் வரை உங்கள் சீட்டு உங்கள் கைக்கு அடியிலேயே இருக்கட்டும். சீட்டின் மேல் ஒரு சிப் வைத்துப் பழகுங்கள். கவனக்குறைவான டீலர் காவலில்லாத சீட்டை வாரிக் குப்பையில் சேர்த்துவிட்டால், எந்த ஃப்ளோர் மேனேஜராலும் அதை மீட்டுத் தர முடியாது.

படி 4: கூட்டமாகப் போனால்

ஓசூர், கிருஷ்ணகிரி ஆட்களுக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வாயில் புரளும். சந்தையில் அது வசதி. போக்கர் மேசையில் அதுவே சந்தேகத்துக்கு முதல் காரணம். இரண்டு பேர் உள்ளே இருக்கும்போது "விடுறா மச்சான், அவன்கிட்ட இருக்கு" என்று ஒருவர் தமிழில் சொன்னால், மற்ற ஆறு பேருக்கும் அது சதி. சும்மா "பசிக்குது" என்று சொன்னாலும் அவர்களுக்கு என்ன தெரியும்? கை முடியும் வரை அறை சொன்ன மொழியில் மட்டும் பேசுங்கள். சாப்பாட்டுப் பேச்சைக் கலைக்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரியது ஒன்று உண்டு. "நம்ம ஊர்க்காரன்கிட்ட ஏன் பணம் எடுக்கணும்" என்று இருவரும் பணம் வைக்காமல் செக், செக் என்று கடைசிவரை தட்டிக்கொண்டு போவது. பாசம்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் விதிப்படி அதுவும் கூட்டுச் சதிதான், போட்டிகளில் வெளியேற்றும் அளவுக்குப் போகும். எங்கள் கூட்டத்தில் இதற்கு ஒரே வழி வைத்திருக்கிறோம். நான்கு பேர் போனால் நான்கு மேசை கேட்போம். இரண்டு மேசைதான் ஓடுகிறது என்றால் பாதிப் பேர் வேடிக்கை பார்ப்போம். வேடிக்கை பார்ப்பவர் நண்பனின் முதுகுக்குப் பின்னால் நிற்கக் கூடாது, அங்கிருந்து எதிரே இருப்பவர்களுக்கு ஜாடை காட்டுவதாகப் பேச்சு வரும்.

மற்றவர்கள் கை நடுவில் வேறு மொழியில் பேசினால்? நேராக அவர்களிடம் போகாமல் டீலரைப் பார்த்து "லாங்வேஜ் ப்ளீஸ்" என்று இரண்டு சொல் போதும்.

படி 5: எப்போது வாய் திறப்பது

வழிகாட்டியின் உயிர்நாடி இதுதான். போக்கரில் பெரும்பாலான தவறுகளுக்கு ஒரு காலக்கெடு உண்டு. கெடு தாண்டினால் தவறே சரியாகிவிடும்.

டி.டி.ஏ. விதிகளில் இதற்குத் தெளிவான அளவு இருக்கிறது. ஒரு தவறுக்குப் பிறகு முறைப்படி இரண்டு பேர் செயல்பட்டு, அதில் ஒருவராவது சிப்ஸ் போட்டுவிட்டாலோ, அல்லது சிப்ஸ் போட்டாலும் போடாவிட்டாலும் மூன்று பேர் செயல்பட்டுவிட்டாலோ, ஆட்டம் கணிசமாக நகர்ந்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். அதன்பின் சீட்டுப் போட்டதில் பிழை என்று கையை ரத்து செய்யக் கேட்க முடியாது. டீலர் உங்களைத் தாண்டிப் போய், உங்களுக்குப் பின் மூவர் ஆடும் வரை நீங்கள் சிப்ஸ் எண்ணிக்கொண்டிருந்தால், உங்கள் கை செத்ததாக அறிவிக்கலாம். பணம் தவறான ஆளுக்குப் போய்விட்டது என்று சொல்வதற்கான கெடு அடுத்த கை தொடங்கும் வரை. கை தொடங்குவது என்றால் சீட்டுப் போடுவது இல்லை, டீலர் கலைக்க ஆரம்பிப்பதோ கலைக்கும் இயந்திரத்தின் பொத்தானை அழுத்துவதோதான்.

ஆகவே செய்ய வேண்டியது இந்த வரிசையில். முதலில் கையை லேசாக உயர்த்தி "டைம்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். இரண்டாவது, யாரும் சீட்டையோ சிப்ஸையோ தொட வேண்டாம் என்று டீலரிடம் கேளுங்கள். குவியல் கலைந்துவிட்டால் மேனேஜர் வந்தும் பயனில்லை. மூன்றாவது, கண்ணால் கண்டதை மட்டும் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்: "இவர் முதலில் 600 வைத்தார், கையை எடுத்துவிட்டு மறுபடியும் 1,000 வைத்தார்." ஏமாற்றுகிறார், எப்போதும் இப்படித்தான் என்ற சொற்கள் வேண்டாம். நான்காவது, டீலர் தயங்கினால் "ஃப்ளோர் ப்ளீஸ்." மேனேஜரைக் கூப்பிட மேசையில் உள்ள எவருக்கும் உரிமை உண்டு, டீலரின் அனுமதி தேவையில்லை.

ஒருமுறை தர்மபுரித் தம்பி ஒருவர் என் பக்கத்தில் இருந்தார். எதிரே ஒருவர் ஃபோல்டு செய்த சீட்டை இன்னும் ஆட்டத்தில் இருந்த தன் கூட்டாளிக்குக் காட்டினார். "அண்ணா, சொல்லிடலாமா? இந்தக் கை முடியட்டுமா?" என்றார். "இப்பவே சொல்லுப்பா, ரிவர் திறந்தா போச்சு" என்றேன். ரிவர் என்பது நடுவில் திறக்கும் கடைசிச் சீட்டு. சொன்னார். டீலர் முணுமுணுத்துக்கொண்டே அந்தச் சீட்டை எல்லோருக்கும் திறந்து காட்டினார். ஒருவருக்குக் காட்டினால் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்பது பழைய விதி. அடுத்த ஒரு மணி நேரம் அந்த மேசையில் யாரும் யாருக்கும் காட்டவில்லை.

முறை வராமல் ஒருவர் முந்திக்கொண்டு ஆடினால் பதற வேண்டாம். ஆட்டம் சரியான ஆளுக்குத் திரும்பிப் போகும். இடையில் இருப்பவர்கள் செக், கால், ஃபோல்டு என்று மட்டும் செய்தால் முந்தியவர் சொன்னது அவரைக் கட்டும். நடுவில் யாராவது ரெய்ஸ் செய்தால் அவர் மாற்றிக்கொள்ளலாம். இதைத் தெரிந்தே பயன்படுத்தும் ஆட்கள் உண்டு. உங்களைப் பயமுறுத்த முறை வராமலே "ரெய்ஸ்" என்பார்கள். இரண்டாவது முறை அதே ஆள் செய்தால் மேனேஜரைக் கூப்பிடுங்கள்.

படி 6: எதை விடுவது

எல்லாவற்றுக்கும் கை தூக்கினால் மேனேஜரே உங்களைத் தொந்தரவு என்று குறித்துக்கொள்வார். என் அளவுகோல் பணம். சீட்டுக் காட்டுதல், இருவர் ஒரு கை ஆடுதல், ஆட்டத்தின் நடுவில் மேசைச் சிப்ஸை எடுத்துப் பையில் போடுதல், ஸ்ட்ரிங் பெட், குவியல் எண்ணிக்கையில் குறைவு இவையெல்லாம் நேராகப் பணத்தைத் தொடுகின்றன. விடவே கூடாது.

புதிதாக வந்தவர் மெதுவாக ஆடினால் விடுங்கள். ஜெயித்த கையை வைத்துக்கொண்டு வேண்டுமென்றே இழுத்துக் காட்டுகிறவர் நாகரிகமில்லாதவர், அவ்வளவுதான். புலம்பல், கொண்டாட்டம், ஆட்டத்தில் இல்லாதபோது போன் பார்ப்பது இவற்றையும் விடலாம். ஒவ்வொரு கைக்கும் இரண்டு நிமிடம் எடுப்பவருக்கு மட்டும் நேரம் வைக்கச் சொல்லுங்கள். போட்டிகளில் 25 விநாடி கொடுத்து ஐந்து விநாடி எண்ணுவார்கள், பணமேசையில் அறையின் கணக்கு.

இதில் ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறேன். தோற்றவர் டீலர் முகத்துக்கு நேராகச் சீட்டை வீசினாலோ வாய்க்கு வந்தபடி திட்டினாலோ, என் பணம் சம்பந்தப்படாவிட்டாலும் நான் ஃப்ளோரைக் கூப்பிடுவேன். டீலர் தனக்காகப் பேசினால் அவர் வேலைக்கு ஆபத்து, நமக்கு ஒன்றும் ஆகாது.

படி 7: மேனேஜர் வந்த பிறகும் ஒன்றும் நடக்கவில்லை என்றால்

தீர்ப்பு தவறாகவே இருந்தாலும் அந்தக் கைக்கு அது முடிவு. "இந்த அறையில் விதி இதுதானா?" என்று ஒரு தடவை கேளுங்கள். ஆம் என்றால் இனி எல்லோருக்கும் அதுதான் என்று தெரிந்துகொண்டீர்கள். வாதாட வேண்டுமானால் கை முடிந்து மேசைக்கு வெளியே, ஷிப்ட் மேனேஜரிடம். தொகை பெரிது என்றால் மேசை எண்ணையும் நேரத்தையும் போனில் குறித்துக்கொண்டு கேமராப் பதிவைப் பார்க்கச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சைவிட நேரம் குறித்த புகாருக்கு மதிப்பு அதிகம்.

அதே ஆள், அதே மீறல், இரண்டு முறை கூப்பிட்டும் சிரித்து மழுப்புகிறார்கள் என்றால் மேசை மாற்றம் கேளுங்கள். மாற்ற மேசை இல்லையென்றால் எழுந்துவிடுங்கள். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். "அவன் பண்றான், நானும் பண்றேன்" என்று இறங்குவார்கள், அல்லது போனதை எடுத்துவிட்டு எழலாம் என்று காத்திருப்பார்கள். பெரிய கைக்கு வளைகிற அறை உங்களுக்கு வளையாது. நீங்கள் செய்தால் உடனே விதித்தாள் வெளியே வரும்.

மேசை ஓரமாக நடக்கிற சைடு பெட் பக்கம் போகாதீர்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது, ஜெயித்தேன் என்று வழக்குப் போட முடியாது. மேசையில் அறிமுகமானவருக்குக் கடன் கொடுப்பதும் ஏறக்குறைய அதே கதைதான்.

படி 8: எழுந்திருக்கும்போது

கிளம்பப் போகிறீர்கள் என்றால் ஒரு சுற்று முன்னால் டீலரிடம் சொல்லிவிடுங்கள். பெரிய தொகையை ஜெயித்த அடுத்த நொடியே எழுந்தால் விதி தடுக்காது, மேசை முகம் சுளிக்கும். சிப்ஸை மதிப்பு வாரியாக ட்ரேயில் அடுக்கி, கேமரா பார்க்கிற இடத்திலேயே எண்ணி முடித்துவிட்டு கேஷியரிடம் போங்கள். உட்காரும்போது பணம் கட்டிச் சிப்ஸ் வாங்கிய பை-இன் ரசீதை எறிந்துவிடாதீர்கள். சீட்டாட்ட வெற்றிக்கு வருமான வரி 30 சதவீதம், பஸ் கட்டணம், அறை வாடகை எதையும் அதில் கழிக்க முடியாது. எவ்வளவு போட்டோம், எவ்வளவு எடுத்தோம் என்பதற்கு உங்களிடம் தாள் இருந்தால், ஊரில் ஆடிட்டரிடம் உட்காரும்போது வேலை சுலபம்.